இடது பக்கத்துப் பொத்தான்

என் அத்தானிடம் எதையும் ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள். ரிப்பேர் செய்துவிடுவார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொடுத்த பொருள் கொடுத்த மாதிரியே திரும்பி வராது. எங்கள் பார்லரில் தலை காயவைக்கும் டிரையர் ஒன்று ஓடாமல் போனது. கொண்டுபோனார், கொண்டுவந்தார், ஓடியது. பார்த்தால் கைப்பிடியில் புதிதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச் முளைத்திருக்கிறது.

"இது என்ன அத்தான்?"

"அவசரத்துக்கு நிறுத்த."

"டிரையருக்கு அப்படி என்ன அவசரம் வந்துடப் போகுது?"

"வரும்போது சொல்லு, அப்ப ஒத்துக்கறேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். என் அக்காவின் கணவர். கீழ்த்தளத்தில் அவர்கள் வீடு, அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் என் வீடு. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனிதர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதை நான் வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டுவேன். அவர் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை. அவருக்குக் கோபமே வராது. எங்கள் குடும்பத்தில் கோபத்தை அக்காவும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம், அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கும். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். வயரின் இரு நுனியையும் வைத்துப் பார்ப்பார். எரிந்தால் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. அவருடைய கம்பெனியில் சின்னப் பையன்களெல்லாம் விலை உயர்ந்த மீட்டர் வைத்திருக்கிறார்களாம். இவர் இதைத்தான் நம்புவார். "மீட்டருக்கு நூறு பேச்சு தெரியும். இதுக்கு ஒரு பேச்சுதான்" என்பார். எத்தனை சட்டையை அக்கா அந்த பல்போடு சேர்த்துத் துவைத்திருக்கிறாள் என்பது வேறு கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தலையில் அக்காவின் கத்தரியைத் தவிர வேறு கத்தரி பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கழுத்தைச் சுற்றி ஒரு பழைய துண்டு. அக்கா அடுப்பையும் பார்த்துக்கொண்டு அவர் தலையையும் வெட்டுவாள். முடிந்ததும் சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "பிரமாதம்" என்பார். என்றைக்கும் அதே பதில்தான். கண்ணாடியைப் பார்க்காமலே சொல்வார்.

பார்லர் அக்கா ஆரம்பித்தது. முடி வெட்டுவது அவள் வேலை, சாயம் பூசுவதும் முகத்துக்குச் செய்வதும் என் வேலை. நான் வெட்டினால் வருகிறவர்கள் மறுமுறை வரமாட்டார்கள், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. அக்கா இடது கையில் சீப்பைப் பிடித்தபடியே அதே கையின் இரண்டு விரலுக்கு நடுவில் முடியைக் கவ்வி இழுப்பாள். வலது கை கத்தரியோடு பின்னாலேயே வரும். வேலைக்குப் புதிதாகச் சேருகிற பெண்களிடம், "கத்தரிக்கு என்ன தெரியும், இந்த ரெண்டு விரல் சொல்ற இடத்துலதான் அது வெட்டும்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டுவாள்.

அந்தக் கைதான் போனது. ஒரு நாள் காலையில் பார்லரில் சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. "என்னக்கா, தூக்கமா?" என்று நான் கிண்டல் செய்தபடி திரும்பினேன். அவள் முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. வாய் திரும்ப வந்தது. சொல்லப்போனால் முன்னைவிட அதிகமாகவே வந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, சுவரைப் பிடித்து நடந்தாள். இடது கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்த சாமான் போல.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண் நல்ல பெண். பொறுமைசாலி. அத்தானையும் என்னையும் வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்: "கையில உணர்ச்சி இன்னும் இருக்குங்க. ஆனா தினமும் அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். இப்ப விட்டுட்டா, அப்புறம் நாம கூப்பிட்டாலும் வராது." கை வந்தால் அக்கா கண்ணாடி முன்னால் அவள் இடத்தில் நிற்பாள். வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரோ நிற்பார்கள், அவள் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் இவள் பயிற்சி செய்தால்தானே. களிமண் உருண்டையைப் பிசையச் சொன்னால் சுவரில் அடித்தாள், வலது கையால். கலர் மணிகளைக் கிண்ணத்துக்குக் கிண்ணம் மாற்றச் சொன்னால், "நான் என்ன நர்சரிக் குழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தான் கெஞ்சினார், நான் கத்தினேன். இரண்டும் அவள் காதில் ஏறவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் நான் பார்லரிலிருந்து வந்து என் அலமாரியைத் திறந்தேன். நடுத்தட்டைக் காணோம். அதிலிருந்த துணியெல்லாம் கட்டிலில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. என் வீட்டுச் சாவி இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படியில் தடதடவென்று இறங்கிப் போனேன்.

அத்தான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பலகையை அறுத்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில். முடி காதை மூடி வளர்ந்திருந்ததால் பென்சிலின் நுனி மட்டும்தான் தெரிந்தது.

"அத்தான், என் அலமாரித் தட்டு எங்க?"

"இதுதான்."

"அது எனக்கும் தெரியுது. ஏன் ரெண்டா இருக்கு?"

"நல்ல பிளைவுட் மச்சினி. இந்த அகலம் உன் அலமாரியிலதான் இருந்துச்சு." சொல்லிவிட்டு மறுபடியும் அறுக்க ஆரம்பித்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்தப் பலகையின் இன்னொரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பின்பால் மெஷின். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாய்வான ஒரு பலகை, மேலே கண்ணாடி மூடியிருக்கும். மேலிருந்து ஓர் இரும்புக் குண்டு, எதிர்ப்படுவதில் எல்லாம் முட்டி மோதிக்கொண்டு உருண்டு வரும். கீழே ஒரு ஓட்டை. அதில் விழுந்தால் ஆட்டம் போச்சு. ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் துடுப்பு இருக்கும். பெட்டியின் வலது பக்கப் பொத்தானை அழுத்தினால் வலது துடுப்பு எகிறிக் குண்டை மேலே தள்ளும். இடது பக்கப் பொத்தானுக்கு இடது துடுப்பு. இரண்டு கையும் இல்லாமல் இதை ஆட முடியாது. அதுதான் அத்தானின் கணக்கு.

ஏன் இந்த ஆட்டம் என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அக்கா தொழில் கற்றுக்கொண்ட பார்லர் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருந்தது. தரைத்தளத்தில் ஒரு விளையாட்டுக் கடை. சாப்பாட்டு நேரத்தில் இவள் போய் பின்பால் மெஷின் முன்னால் நின்றுவிடுவாள். ஆட்டத்தில் இடுப்பால் ஒரு இடி இடிப்பாளாம், மெஷினே ஒரு பக்கம் நகருமாம். அந்த வளாகத்தின் லிஃப்டைப் பார்க்க வந்த ஒரு மெக்கானிக், லிஃப்டைப் பார்க்காமல் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போக ஆரம்பித்தது. ஏன் கெட்டது என்று இன்று வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

நிஜமான பின்பால் மெஷின் ஒரு கட்டில் நீளம் இருக்கும். இவர்கள் வீட்டில் அதை வைத்தால் இருவரும் வெளியேதான் படுக்க வேண்டும். அதனால் அவர் செய்தது சின்னதாக, அக்காவின் நாற்காலிக்கு மேல் உணவு மேஜை மாதிரி வந்து நிற்கும் ஒரு பெட்டி. உள்ளே குண்டு கிடையாது, பலகை கிடையாது, எல்லாம் படம். ஒரு கம்ப்யூட்டர் திரையைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். அதில் ஆட்டம் ஓடும். எண்கள் தெரிவதற்குத் தலைமாட்டில் இன்னொரு சின்னத் திரை நிமிர்ந்து நின்றது. அது என் பழைய டேப்லெட், ஓரத்தில் விரிசல் விட்டது. கேட்காமல்தான் எடுத்தார்.

முதலில் அவர்கள் வீட்டு டிவியைத்தான் படுக்க வைத்துப் பார்த்தார். பொத்தானை அழுத்தினால் துடுப்பு ஒரு கணம் யோசித்துவிட்டு எகிறியது. நான் பரவாயில்லையே என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவ கையே லேட்டாத்தான் வருது. மெஷினும் லேட் பண்ணா அவ கைமேலதான் பழி விழும்" என்று டிவியைத் தூக்கி ஓரமாக வைத்தார். அடுத்து, கம்ப்யூட்டர் திரையில் படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். குண்டு அக்காவைப் பார்த்து வராமல் சுவரைப் பார்த்து உருண்டு போயிற்று. ஒரு நாள் முழுக்க அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிக்குள் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் நின்றது. பின்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு ஒரு சின்ன ஃபேனை மாட்டினார். வட்டம் போடுவதற்கு அளவாக எடுத்தது என் டிபன் பாக்ஸ் மூடி. அதில் இப்போதும் பென்சில் கோடு இருக்கிறது.

பொத்தான்கள் இரண்டும் கழித்துப்போட்ட பழைய லிஃப்டிலிருந்து வந்தவை. வலது பக்கத்தில் கதவை மூடுகிற பொத்தான், இடது பக்கத்தில் கதவைத் திறக்கிற பொத்தான். பித்தளை, நடுவில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. குண்டு வெறும் படம் என்பதால் கையில் ஒரு அதிர்வு வேண்டும் என்று, லிஃப்ட் கதவைப் பூட்டுகிற பழைய காந்தச் சுத்தியல் இரண்டைப் பெட்டியின் உள்பக்கம் திருகினார். துடுப்பு எகிறும்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் சுத்தியல் 'டக்' என்று பலகையில் அடிக்கும். உள்ளங்கையில் தெரியும். பெட்டியில் ஒரு சிவப்பு ஸ்விட்சும் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டியை முதன்முதலில் நாற்காலிக்கு மேல் தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதென்ன, லிஃப்டைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்களா?"

"ஆடிப் பாரு."

வலது பொத்தானை அழுத்தினாள். டக் என்றது. அவள் முகத்தில் பழைய அக்கா ஒரு நொடி எட்டிப் பார்த்தாள். அத்தான் அவளுடைய இடது கையை எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பட்டையால் மெதுவாகக் கட்டி, பெருவிரலைப் பொத்தான் மேல் வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குண்டு உருண்டு வந்தது. அக்கா பல்லைக் கடித்தாள். இடது துடுப்பு டக் என்று எகிறியது.

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. "இன்னொரு தடவை" என்றாள்.

அதிலிருந்து தினமும் மாலையில் அவர் வேலையிலிருந்து வந்ததும் ஆட்டம்தான். இடது துடுப்பு சில நாள் நன்றாக எகிறும், சில நாள் தவறும். ஆனால் எகிறியது. நான் பார்லரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பட்டம் அடித்தேன். அக்கா கை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடுவாள், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியே வந்தவர்களைப் பிடித்து வைத்தேன். பிசியோதெரபி பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். "மெஷின்ல நல்லா பண்றாங்க, என் கையைப் பிடிக்கச் சொன்னா வரமாட்டேங்குதே" என்றாள். அவளுக்குப் பொறாமை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தானின் முடி இதற்குள் சட்டைக் காலரில் புரண்டது. வேலையில் போடுகிற ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே நின்றதாம். மேற்பார்வையாளர் கேலி செய்தாராம். "வாங்க அத்தான், நானே வெட்டி விடறேன்" என்றேன். "வேணாம்மா. அவ வெட்டுவா" என்றார். "அதுவரைக்கும் ஜடை பின்னிக்கிறீங்களா?" என்றேன். சிரித்தார், ஆனால் தலையைக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவில் அவருக்கு போன் வந்தது. ஏதோ கட்டடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் டீயோடு அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா ஆட்டத்தைத் தொடர்ந்தாள். குண்டு இடது பக்கமாக வந்தது. துடுப்பு அசையவில்லை. அடுத்த குண்டு. அதுவும் போனது.

"மெஷின் கெட்டுப்போச்சுடி" என்றாள்.

நான் குனிந்து என் விரலால் இடது பொத்தானை அழுத்தினேன். டக். துடுப்பு நன்றாகவே எகிறியது. அக்கா தன் பெருவிரலைப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒன்றும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். டீயை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டே நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஸ்டூலுக்கு அடியில் கிடந்த மிதியடித் துணியில் என் கால் பட்டது.

டக் என்று இடது துடுப்பு எகிறியது.

மிதியடியைத் தூக்கினேன். அடியில் தட்டையான ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஸ்டூலின் காலோடு போய், பெட்டியின் காலில் ஏறி, இடது பொத்தானின் பின்பக்கத்தில் சேர்ந்தது. லிஃப்ட் ஒன்றுதான், உள்ளே இருந்து அழுத்தினாலும் வெளியே இருந்து அழுத்தினாலும் வரும். அந்த வேலைதான் இது. இத்தனை நாளும் அக்கா பெருவிரலோடு போராடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து இந்த மனிதர் குதிகாலால் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் வரும் வரை அக்கா அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கிரீஸோடு, உள்ளே மாட்டியவர்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட சந்தோஷத்தோடு வந்தார். மிதியடி இல்லாத தரையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"உக்காருங்க" என்றாள் அக்கா. உட்கார்ந்தார். "நான் அழுத்தறேன்." அழுத்தினாள். துடுப்பு அசையவில்லை. "ஏன், இன்னைக்கு உங்க கால் வரலையா?"

"நீ மனசு விட்டுடக் கூடாதுன்னுதாம்மா."

"எப்பல இருந்து?"

"முதல் நாள்ல இருந்து."

"ஒரு தடவையாவது நானா அழுத்தினேனா?"

அந்த இடத்தில் அவர் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலைம்மா. ரெண்டும் ஒரே லைன்ல வருது. உன் கை அழுத்துச்சா என் கால் அழுத்துச்சான்னு அந்த மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார்.

"இனிமே நல்லா இருக்கு, பிரமாதம்னு நீங்க ஒண்ணு சொன்னா அதை நான் எப்படிங்க நம்பறது?"

அக்கா கத்தியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது. இதை அவள் மெதுவாகச் சொன்னாள். பெட்டியைத் தள்ளிவிடச் சொன்னாள். அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தச் சொன்னாள். நான் அத்தானை ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

மறுநாள் அவர் அந்த வயரைக் கத்தரித்து, துண்டுகளை அவள் மடியில் கொண்டுவந்து வைத்தார். "இன்னொரு வயர் எங்க இருக்கோ" என்றாள். பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே இருப்பதையெல்லாம் காட்டினார். "எனக்கு இதுல எது என்னன்னு தெரியுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அதானே" என்றாள். அது உண்மைதானே. பிசியோதெரபி பெண் வந்தால், தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இதே மாதிரி விட்டா ரொம்ப கஷ்டம்ங்க" என்று என்னிடம் சொன்னாள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒரு காலையில் நான் கீழே போனபோது அத்தான் பெட்டியிலிருந்து இடது பொத்தானைத் தனியாகக் கழற்றி எடுத்திருந்தார். ஒரு சின்ன மரக்கட்டையில் அதைப் பதித்து, பக்கத்தில் ஒரு பேட்டரியை ஒட்டி, தன் சட்டைப் பையிலிருந்த டெஸ்ட் லேம்ப்பை எடுத்து அதில் இணைத்தார். பெட்டி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, படம் இல்லை. ஒரு பொத்தான், ஒரு பேட்டரி, ஒரு பல்பு, நடுவில் கண்ணுக்குத் தெரிகிற மூன்று துண்டு வயர். அதை அவள் மடியில், இடது கைக்கு அடியில் வைத்தார்.

"நான் வேலைக்குப் போறேன். வீட்ல இருக்கமாட்டேன்" என்றார். "அழுத்தினா எரியும். அழுத்தலைன்னா எரியாது. எனக்கு நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார். அன்றைக்கு மாலை வந்து அவர் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை. தினமும் காலையில் அதை மடியில் வைத்துவிட்டுப் போவார், மாலையில் எடுத்து வைப்பார். டெஸ்ட் லேம்ப் இல்லாமல்தான் வேலைக்குப் போய்வந்தார். கடைசியில் அவரும் ஒரு மீட்டரை இரவல் வாங்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது.

பார்லரில் என்னால் அதற்குமேல் சமாளிக்க முடியவில்லை. முடி வெட்டத் தெரிந்த ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தேன். நல்ல கத்தரி வேண்டும் என்றாள். நல்ல கத்தரி எங்களிடம் ஒன்றுதான் உண்டு, அது அக்காவுடையது. அவள் வீட்டு அலமாரியில் தோல் உறையில் இருக்கும். அதை நான் தொட்டால்கூடப் புறங்கையில் சுள்ளென்று ஒரு அடி விழும். மத்தியானம் நேராக அவளிடம் போனேன்.

"புதுசா ஒரு பொண்ணு வரா. உன் கத்தரி வேணும்."

அடிக்கட்டும், திட்டட்டும் என்றுதான் கேட்டேன். அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எடுத்துக்க" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அலமாரியைத் திறந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே இருந்த துணிகளைப் பார்த்துக் கத்தினேன். "எடுத்துக்கவா? இவ்வளவு சுலபமா சொல்லிட்ட? அந்த மனுஷன் பொய்தான் சொன்னாரு, யாரு இல்லைன்னா? பரதேசி மாதிரி தலையை வளர்த்துக்கிட்டு அலையறாரே, அது யாருக்காக? பிடிவாதம்னா உன்கிட்டதான் கத்துக்கணும். இந்தக் கத்தரியை அவ கையில கொடுத்துட்டு நான் எப்படி அந்தக் கண்ணாடியைப் பார்ப்பேன்? அதைச் சொல்லு முதல்ல." இன்னும் என்னென்னவோ சொன்னேன். மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டினேன்.

"ஏய், வாயை மூடிட்டுத் திரும்பு" என்றாள் அக்கா.

திரும்பினேன். அவள் மடியில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்சம்தான். மினுக்கியது, அணைந்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை. பெருவிரலின் நகம் வெளுத்திருந்தது. வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டிருந்தாள், நான் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக. மறுபடியும் எரிந்தது. இந்த முறை நின்று எரிந்தது.

"நீ எங்கயாவது மிதிச்சுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்டாள்.

நான் இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். பல்பு எரிந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

அன்றைக்கு மாலை அத்தான் வந்ததும் அக்கா அவரை எதிரில் உட்காரச் சொன்னாள். பொத்தானை அழுத்தினாள். பல்பு எரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, பேட்டரியிலிருந்து பொத்தானுக்கும், பொத்தானிலிருந்து பல்புக்கும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனார். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்னைக் கையை விரித்துக் காட்டச் சொன்னார்.

"அத்தான், நான் உங்களை மாதிரி இல்ல" என்றேன்.

"தெரியும்மா. இருந்தாலும் பார்த்துடறேன்" என்றார். பார்த்துவிட்டு அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்கா அவர் தலையை வலது கையால் தொட்டு, "என்ன கண்றாவிங்க இது, காடு மாதிரி" என்றாள்.

பொத்தான் பெட்டிக்குத் திரும்பியது. இப்போது ஆட்டம் மோசமாகத்தான் போனது. பத்துக் குண்டு வந்தால் ஒன்றை அடிப்பாள், மிச்சமெல்லாம் ஓட்டைக்குள் போகும். இடது துடுப்பு எகிறும்போது மட்டும் "இது நான்" என்பாள், யாரும் கேட்காமலே. அத்தான் ஸ்டூலை அறையின் மறுகோடியில், சுவரோரமாகப் போட்டு, காலை மடக்கிச் சம்மணம் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். அந்தக் கோலத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிசியோதெரபி பெண்ணின் கையையும் அக்கா பிடிக்க ஆரம்பித்தாள். புதிதாக வந்த பெண் சொந்தக் கத்தரி ஒன்றைக் கொண்டுவந்து வேலை செய்தாள். அக்காவின் கத்தரி அலமாரியிலேயே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதோ வாசனைக்கு நான் கீழே இறங்கிப் போனால், சமையலறையில் ஸ்டூல் போட்டிருக்கிறது. அத்தான் கழுத்தில் பழைய துண்டு. அக்கா இடுப்பை மேடையில் சாய்த்து நின்றுகொண்டிருக்கிறாள். இடது கையில் சீப்பு. அது விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவில் முடியைக் கவ்வினாள். பிடி நிற்கவில்லை, முடி நழுவியது. நழுவினாலும் விடாமல் பிடித்துப் பிடித்து வெட்டினாள். அடுப்பில் எது தீய்ந்தாலும் தீயட்டும் என்று நானும் சும்மா நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. தரையெல்லாம் முடி. அவள் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "எப்படி இருக்கு?"

வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கத்தைச் சொல்லவே வேண்டாம், ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் பள்ளம். நான் அக்காவுக்குப் பின்னால் நின்று, 'பிரமாதம்னு சொல்லுங்க' என்று வாயசைத்தேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இடது பக்கம் நல்லா இல்லம்மா" என்றார். "ஏறி இறங்கி இருக்கு."

அக்கா அவரையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் அவர் கையிலிருந்த கண்ணாடியில்தான் பார்த்தேன்.

"எனக்கும் தெரியுது" என்றாள். "அசையாம உக்காருங்க, சரி பண்றேன்."

அவர் உட்கார்ந்தார். அக்கா சீப்பை மறுபடியும் இடது கையில் எடுத்தாள்.